செங்கழுநீர் அம்மனும் எங்கள் தெரு வேனும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் மரப்பாலம், முருங்கப்பாக்கம் தாண்டி, ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அரியாங்குப்பம். அங்கே இடது பக்கம் பிரியும் சாலையில் கடலை நோக்கிப் போனால் வீராம்பட்டினம் வந்துவிடும். டவுனிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர்தான். மீனவர் ஊர். நீண்ட மணல் கரை, வரிசையாக ஃபைபர் படகுகள், வலை பின்னும் ஆண்கள், கருவாடு காயப்போடும் பெண்கள், இவர்கள் எல்லோருக்கும் காவலாக நடுவில் செங்கழுநீர் அம்மன்.

இந்த அம்மனுக்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ஒரு மீனவர் வலை வீசியபோது மீனுக்குப் பதிலாக ஒரு மரக்கட்டை சிக்கியதாம். விறகுக்கு ஆகுமென்று வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் போட்டுவிட்டார். ஒருநாள் அவர் மனைவி அடுப்பெரிக்க அதைக் கோடாலியால் பிளக்கப் போக, கட்டையிலிருந்து ரத்தம் பீறிட்டதாம். அப்புறம்தான் அது வெறும் கட்டையல்ல, அம்மன் என்று தெரிந்து வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். விறகு வெட்டப் போன பெண்ணின் கண்ணில்தான் அம்மன் முதலில் பட்டாள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அடுப்படியில் நிற்கிறவளுக்குத்தானே எதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிறது!

ஆடி மாதம் முழுக்க இங்கே வெள்ளிக்கிழமைகள் விசேஷம். ஐந்தாவது வெள்ளியில் தேர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அவர்களுடைய கவர்னரே வந்து வடம் பிடித்தாராம். அந்த வழக்கத்தை விடாமல் இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் தொட்டு இழுத்துத் தொடங்கி வைக்கிறார். அன்றைக்குக் கூட்டம் சொல்லி முடியாது. கைக்குழந்தைக்காரர்கள் தேருக்குப் போகிறேன் என்று பிடிவாதம் பிடிக்காமல், அதற்கு முந்தைய வெள்ளிகளில் ஒன்றில் காலையிலேயே போய்விட்டு வருவது நல்லது. தரிசனமும் நிம்மதியாக ஆகும், குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு நிழலும் கிடைக்கும்.

போகிற வழியில் காக்காயந்தோப்புப் பக்கம் அரிக்கமேடு. 1945ல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயர் தோண்டிப் பார்த்து, ரோமாபுரியிலிருந்து மதுச்சாடிகள் வந்து இறங்கிய துறைமுகம் இது என்று உலகத்துக்குச் சொன்ன இடம். இன்று போய்ப் பார்த்தால் மாந்தோப்பும், பின்னால் வந்த கட்டடம் ஒன்றின் இடிந்த செங்கல் தூண்களும்தான். குழந்தைகள், "இங்க ஒண்ணுமே இல்லியேம்மா" என்பார்கள். பாசிமணி செய்த ஊர் என்று சொல்லி ஆற்றங்கரைக் காற்றில் கொஞ்ச நேரம் உட்கார வைக்கலாம்.

சரி, நான் எழுத வந்தது கோயிலைப் பற்றி மட்டுமல்ல, நாங்கள் போன வேனைப் பற்றியும்தான்.

ஆடி மூன்றாம் வெள்ளி. எங்கள் வில்லியனூர்த் தெருவிலிருந்து பெண்கள் 4 பேர், இன்னும் பள்ளிக்கூடம் போகாத வாண்டுகள் 3 பேர். வேன் ஓட்டுகிற தம்பி எங்கள் தெருக்காரன்தான். தினமும் காலையில் தெருப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, சாயங்காலம் கூட்டி வருகிறவன். இடைப்பட்ட நேரத்தில் சவாரி. பிள்ளைகளை இறக்கிவிட்டு ஒன்பதரைக்கு எங்களை ஏற்றிக்கொண்டான். மூன்றரைக்குள் மறுபடி பள்ளி வாசலில் நிற்கவேண்டும் என்பது ஒப்பந்தம். மஞ்சள் போர்டு, வாசலில் மாவிலை, கண்ணாடியில் எலுமிச்சம்பழம், உள்ளே புது ரப்பர் மேட். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வயது மட்டும் 13.

தரிசனம் முடிந்து கடற்கரைக்குப் போனோம். மணலுக்கு முன்னால் வேனை நிறுத்திவிட்டு, கட்டிக்கொண்டு போன புளியோதரையைப் பிரித்தோம். பக்கத்தில் ஒரு ஆயா கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. வேனையே பார்த்தார். எழுந்து வந்து பின்பக்கக் கதவைத் தடவினார்.

"இன்னா தம்பி, இது எங்க ஊரு வண்டியாச்சே?"

"இல்ல ஆயா, நான் புரோக்கர் மூலமா வாங்கினது. ரெண்டு வருசம் ஆவுது."

"நம்ம வண்டிதான். இதோ பாரு, கதவு ஓரம் ஒரு அடி. நங்கூரம் பட்டது. எங்க கொழுந்தன் மவன் ஐஸ் பொட்டி ஏத்தினான். நாலு வருசம் விடியக்காலம் மார்க்கெட்டுக்கு இதுலதான் மீனு போச்சு. இப்ப பச்சையா அடிச்சிருக்கீங்க, அப்ப வெள்ளை."

எனக்குப் புளியோதரை இறங்கவில்லை. வெறும் உப்புக்காற்றே இந்தக் கரையோரத்தில் வீட்டு ஜன்னல் கம்பியை இரண்டு வருஷத்தில் அரித்துவிடும். மீன் பெட்டியிலிருந்து உப்பும் ஐஸும் உருகி நாலு வருஷம் தரையில் ஓடிய வண்டி எப்படி இருக்கும்? நாம் சமையலறையில் பார்க்கிறோமே, உப்பு ஜாடிக்குத் தகர மூடி போட்டால் எத்தனை நாள் தாங்கும்?

"தம்பி, அந்த மேட்டைக் கொஞ்சம் எடுப்பா" என்றேன்.

"எதுக்குக்கா? எஃப்.சி. எடுத்து ரெண்டு மாசம்கூட ஆகல. பேப்பர் இருக்கு" என்று டேஷ்போர்டைத் திறந்து எடுத்துக் காட்டினான். பொய் சொல்லுகிற பையன் அல்ல. கடன் வாங்கி வண்டி எடுத்தவன்.

ஆயா சும்மா இருக்கவில்லை. படகு எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டுவிட்டார். அவர் கையில் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். முன்பக்கம் தட்டினார், "டங் டங்" என்று நல்ல சத்தம். பின்சீட்டுக்கு அடியில், சக்கரத்துக்கு மேலே வளைவாக வரும் இடத்தில் மேட்டைத் தூக்கித் தட்டினார். சத்தம் மாறிவிட்டது. ஊறிப்போன அட்டையைத் தட்டுவதுபோல் "தொப் தொப்" என்றது. லேசாக அழுத்தினார். ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போயே போய்விட்டது. அதைச் சுழற்றி எடுத்ததும் ரூபாய் அகலத்துக்கு ஓட்டை. கீழே கடற்கரை மணல் தெரிந்தது.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தவர் வெளியே வந்து, "அடியில தார் மாதிரி கறுப்புப் பெயிண்ட் அடிச்சி வச்சிருக்காங்க. அந்தப் பெயிண்ட்தான் தாங்கிக்கினு இருக்குது. பேப்பரு கரெக்டா இருக்கு தம்பி, தகரம்தான் இல்ல" என்றார். பையன் முகம் சுண்டிவிட்டது. அந்த இடத்துக்கு நேர் மேலேதான் தினமும் எங்கள் தெருவின் நாலு குழந்தைகள் உட்கார்ந்து போகிறார்கள்.

அவர் இன்னொன்றும் காட்டினார். சைலன்சர் குழாயும் அரித்து, இணைப்பில் புகைக் கறுப்பு படிந்திருந்தது. அது ஓட்டைக்குச் சற்று முன்னால். அதாவது வண்டி ஓடும்போது புகை தரை வழியாக உள்ளே வர வழி இருக்கிறது. இதைக் கேட்டதும் எதிர்வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பெண் மூன்றாம் வகுப்பு, பின்சீட்டுதான். சில மாதமாகச் சாயங்காலம் வந்ததும் தலைவலி, குமட்டல் என்று படுத்துவிடும். தைலம் தேய்த்தார்கள், கண் டாக்டரிடம் காட்டினார்கள், "வண்டி ஒத்துக்கல" என்று எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பினார்கள். புகைதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் தாய்மார்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் எல்லாம் அதன் அறிகுறி. வண்டியில் ஏறினால் மட்டும் வந்து, இறங்கிக் காற்றாட நின்றால் சரியாகிற தலைவலி என்றால், டாக்டரோடு மெக்கானிக்கையும் பார்க்கவேண்டும்.

இந்த எஃப்.சி. என்பது என்ன என்று அன்று இரவே என் வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் லாரி செட்டில் கணக்கு எழுதுகிறவர்.

வாடகைக்கு ஓடும் எந்த வண்டிக்கும் தகுதிச் சான்று வேண்டும் என்பது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேலே வருஷா வருஷம். சொந்த உபயோகத்து வெள்ளை போர்டு வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. 15 வருஷம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் பரிசோதனை, பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை. (வெள்ளை போர்டு வேனில் காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளை ஏற்றுகிறார்களே, அது சட்டப்படி தப்பு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.) பரிசோதனையில் என்னென்ன பார்க்கவேண்டும் என்று 1989ஆம் வருஷத்து விதிகளில் பட்டியலே இருக்கிறது. முகப்பு விளக்கு, மற்ற விளக்குகள், பிரதிபலிப்பான், பின்பார்க்கும் கண்ணாடி, ஹாரன், சைலன்சர், வைப்பர், புகை அளவு, பிரேக், வேகமானி, ஸ்டீரிங் என்று போகிறது. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ரப்பர் மேட்டுக்கும் கறுப்புப் பெயிண்டுக்கும் நடுவில் இருக்கிற தகரத்தைப் பார்க்க, ஒரு மனிதர் குனிந்து தட்டித்தான் ஆகவேண்டும். வரிசையில் ஐம்பது வண்டி நிற்கும்போது யார் தட்டுவார்கள்?

"எஃப்.சி. காட்டுறதுக்குன்னே நல்ல டயரை வாடகைக்கு வாங்கி மாட்டி, மறுநாள் கழட்டிக் கொடுக்கிறவங்களும் உண்டு" என்றார் இவர். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் பெண் பார்க்க வந்ததுபோல் நிறுத்துவார்களாம். பெண் பார்க்கும் அன்றைக்குச் சிரித்த முகமாக இருந்துவிட்டால் போதுமா!

இப்போது பல ஊர்களில் யந்திரத்திலேயே பரிசோதிக்கும் தானியங்கி நிலையங்கள் வந்துகொண்டிருக்கின்றன. உருளை மேல் சக்கரத்தை நிறுத்தி, பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று யந்திரமே எண்ணில் சொல்லிவிடும். அதில் தாட்சண்யம் இருக்காது. நல்ல காரியம். இருந்தாலும் துருவுக்கு இன்னும் மனிதக் கண்தான்.

இங்கிலாந்தில் 1960லிருந்தே இப்படிப் பரிசோதனை உண்டு. முதலில் 10 வயதான வண்டிகளுக்குத்தான் வைத்தார்கள், இப்போது 3 வயதிலிருந்து வருஷா வருஷம். அங்கேயும் தோற்றுப்போகிற வண்டிகளில் அதிகமானவை தோற்பது பெரிய கோளாறில் அல்ல, எரியாத விளக்கில்தான். பிறகு சஸ்பென்ஷன், பிரேக், டயர். பரிசோதித்த அன்றைய நிலைமையைத்தான் சான்று சொல்கிறது, மறுநாளைக்கு அது உத்தரவாதம் அல்ல என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் பக்கத்து விஷயம் ஒன்று உண்டு. நினைத்தாலே வயிற்றைப் பிசையும். 2012 ஜூலை 25 அன்று தாம்பரத்துக்கு அருகே முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் மாட்டி இறந்துபோனது. அந்தப் பேருந்துக்கும் அப்போதுதான் தகுதிச் சான்று கொடுத்திருந்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதே வருஷம் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கும் முன் மைதானத்தில் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் ஏறி இறங்கிப் பார்க்கிறார்களே, அந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண்ணின் உயிர் இருக்கிறது. ஆனால் நம் தெரு முனையில் ஹாரன் அடிக்கும் சிறிய வேன்கள் அத்தனையும் அந்த மைதானத்துக்குப் போகிறதா என்று கேட்டால், பதில் நமக்கே தெரியும்.

ஆகையால் நாமே பார்க்கலாம். மெக்கானிக் படிப்பு ஒன்றும் வேண்டாம். மேஸ்திரி எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் மேட்டைத் தூக்குங்கள். பின்சீட்டின் அடி, சக்கர வளைவு, தள்ளுகதவு ஓடும் தண்டவாளம், ஏறும் படி ஆகிய இடங்களில்தான் தண்ணீர் தங்கி அரிக்கும். கரண்டிக் காம்பால் தட்டினாலே சத்தம் சொல்லிவிடும். நாம் வெண்கலப் பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதேதான். புதிதாக மேட் போட்டிருந்தால், புதிதாக அடியில் கறுப்பு அடித்திருந்தால் இன்னும் நன்றாகவே தட்டுங்கள். மழை நாளில் மேட்டுக்கு அடியில் ஈரம் இருந்தாலும் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடு இருக்கும். தேய்ந்து தேய்ந்து அந்த மேடும் டயரின் மேல்பாகமும் சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் பாக்கி. அதற்குக் கீழே ஓட்டக்கூடாது என்பது சட்டம். பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23வது வாரத்தில் செய்த டயர். பட்டன் நன்றாக இருந்தும் பக்கத்தில் வெடிப்பு வெடிப்பாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

வண்டி நிற்கும்போது டிரைவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிஷத்தில் பெடல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் ஆயில் எங்கோ கசிகிறது. அப்படியே பின்னால் போய் நின்று சிவப்பு விளக்கு இரண்டும் எரிகிறதா என்று பாருங்கள். இதற்கு அரை நிமிஷம் போதும், பிள்ளையை ஏற்றிவிடும்போதே பார்த்துவிடலாம். ஸ்டீரிங்கைத் திருப்பினால் சக்கரம் உடனே அசையவேண்டும். பாதி சுற்று சுற்றியும் சக்கரம் சும்மா இருந்தால் ஆபத்து. பழைய வேன்களில் முன்சக்கர பால் ஜாயின்ட்டும் புஷ்ஷும்தான் முதலில் தேயும், குண்டுகுழியில் "கடக் கடக்" என்று காட்டிக்கொடுக்கும்.

எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிற ரக வேன்கள் இன்னும் நம் ஊர்களில் நிறைய ஓடுகின்றன. மாருதி ஆம்னி அந்த ரகம்தான். 1984ல் வந்தது, 2019ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட வண்டிகளில் முன்சீட்டில் குழந்தையை உட்கார வைத்தால் தொடை சுடுகிறதா, பெட்ரோல் வாடை வருகிறதா என்று கேளுங்கள். கேஸில் ஓடும் வண்டி என்றால் ஆர்.சி. புத்தகத்தில் அது பதிவாகியிருக்க வேண்டும். வீட்டு சிலிண்டரைப் பின்னால் மறைத்து வைத்து ஓட்டுகிற வண்டி என்று தெரிந்தால், அது எவ்வளவு மலிவாக வந்தாலும் பிள்ளையை ஏற்றாதீர்கள். இதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது. தள்ளுகதவு உள்ளே இருந்தும் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மணி ஒன்றரை ஆகிவிட்டது. மூன்றரைக்குப் பிள்ளைகளை எடுக்கவேண்டும். "இன்னிக்கி ஒரு நாளு ஓட்டிடறேங்க்கா, பலகை ஒண்ணு வச்சிக்கிறேன்" என்றான் தம்பி. நான் பேசுவதற்குள் மேஸ்திரி, "பலகை போட்டா ஓட்டை அடையும், புகை அடையுமா?" என்று கேட்டார். கரையில் படகுகளைக் காட்டினார். ஒரு ஆள் கவிழ்த்த படகின் அடியில் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போய்க்கொண்டிருந்தான். "மயிரு கனம் கீறல் இருந்தாலும் தண்ணில தள்ளமாட்டோம். எங்களுக்கு எஃப்.சி. குடுக்கிறது கடலு. அது காசு வாங்காது" என்றார்.

எதிர்வீட்டு அக்கா பையனை ஒரு வார்த்தை திட்டவில்லை. போனை எடுத்து மற்ற தாய்மார்களுக்குச் சொன்னார். தம்பியும் தன் சிநேகிதர்கள் இரண்டு பேரின் ஆட்டோவைப் பள்ளிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தான். காசு அவன் கையிலிருந்து. வேனை அரியாங்குப்பத்தில் ஒரு டிங்கர் பட்டறையில் மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய் விட்டான், நாங்கள் வாண்டுகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

பட்டறையில் பழைய தகட்டைக் கொஞ்சமாக வெட்டினால் போதுமென்று ஆரம்பித்தவர்கள், வெட்ட வெட்டத் துரு ஓடிக்கொண்டே போய், கடைசியில் நடுச்சீட்டுவரை புதுத் தகடு போட்டார்கள். சைலன்சரும் முழுசாக மாற்றினான். ஐந்து நாள் வண்டி ஓடவில்லை. அந்த மாசம் கடன் தவணை கட்ட அவன் திண்டாடியது தெரிந்து, தெருவில் எல்லோரும் அடுத்த மாத வேன் பணத்தை முன்கூட்டியே கொடுத்தோம். பாதிப் பேர் மனசோடு கொடுத்தார்கள், பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டு கொடுத்தார்கள்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இப்போது தலைவலி வருவதில்லை. கண்ணாடி மட்டும் போட்டாயிற்று, அது வேறு கதை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் தம்பியே மேட்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "பார்த்துக்கங்க்கா" என்று கதவைத் திறந்து வைத்துவிடுகிறான். நாலைந்து பேர் கரண்டியோடு போய்த் தட்டிவிட்டு வருகிறோம்.